பிறை விழுந்த பித்தளை

மாலை மூன்றே முக்கால் மணி. டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. ஆல்டர் கார் என்கிற தோப்புக்குப் போகிற மண்பாதை... இரண்டு பக்கமும் கிழங்கு பிடுங்கி முடித்த வயல். சேறு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு விளக்கு கிடையாது. அந்தப் பாதையில் ஒரே ஒரு வேன். வேனுக்குள் ஒரே ஒரு ஆள்.

பெயர் மெர்வின் லார்ட்டர். நம் பெர்னார்டின் மச்சான். ஆமாம், அதோ ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து சூப்பை உறிஞ்சுகிறானே, அதே பெர்னார்ட்தான். அவன் வாயிலிருந்து இந்தக் கதை வராது. ஆனால் நான் சொல்வதை அவன் மறுக்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

சாயங்காலம் உங்களில் ஒருவர் ஒரு தோட்டாவின் பித்தளை அடியைத் தோண்டி எடுத்தீர்கள். “சனியனே, இதுக்கா இவ்வளவு நேரம் சேத்துல மண்டி போட்டேன்” என்று வேலிக்கு அப்பால் வீசினீர்கள். யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கதையைக் கேட்டு முடித்த பிறகு தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்குங்கள்.

மெர்வின் அப்படி வீச மாட்டான். உலோகம் தேடுகிற கருவியைக் கையில் பிடித்து மண்ணைத் தடவுகிற நமக்கெல்லாம் வெள்ளிக் காசு வேண்டும், ரோமானியர் காலத்துக் கொக்கி வேண்டும், ஒரு மோதிரமாவது வேண்டும். அவனுக்கு வேண்டியது தோட்டா அடி. அந்தக் காலத்துத் தோட்டாவுக்கு உடம்பு காகிதம். மண்ணில் விழுந்தால் இரண்டு குளிர்காலத்தில் மக்கிப் போகும். அடியில் இருக்கிற பித்தளை மூடி மட்டும் நூறு வருஷமானாலும் அப்படியே கிடக்கும். செய்தவன் பெயர் அதில் வட்டமாகப் பொறித்திருக்கும். நடுவில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். அவ்வளவுதான் சங்கதி. அந்தக் குப்பையை இருபத்தாறு வருஷமாகச் சேர்த்தான் மனுஷன். அடுப்படி ஜன்னல் ஓரத்தில் ஊறுகாய் ஜாடி ஜாடியாக நிற்கும். வெயில் பட்டால் பளபளக்கும்.

கிளப்பில் அவனைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தால் ஆளுக்கொரு கைப்பிடி தோட்டா அடியை ரிப்பன் கட்டிக் கொடுப்போம். சிரித்துக்கொண்டே வாங்குவான். வாங்கின கையோடு ஒரு மூலைக்குப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பான். சேர்க்கிறவன் யாரும் முதலில் பெயரைத்தான் பார்ப்பான், எந்தக் கடை, எந்த வருஷம் என்று. இவன் பெயரைப் பார்க்க மாட்டான். நடுவில் ஊசி குத்திய இடத்தை மட்டும் பார்ப்பான். அப்போது அது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

“எங்க எடுத்தாலும் எனக்குக் குடுத்துருங்கப்பா. கழுவக்கூட வேணாம்.” இதையே வருஷத்துக்குப் பத்துத் தடவை சொல்வான்.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வித்தையெல்லாம் எனக்கு வராது.

எண்பத்து மூன்றாம் வருஷம். இதே ஆல்டர் கார். ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டை நாள். தோப்புக்கு வெளியே வயலில் வரிசையாக எட்டு முளை அடித்திருக்கிறார்கள், ஒவ்வொரு முளையிலும் ஒரு நம்பர், வருஷா வருஷம் அதே இடம். காலையில் சீட்டு எடுத்து, அவரவர் நம்பரில் அவரவர் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். தோப்புக்குள்ளே தட்டுகிறவர்கள். கையில் கம்பு, உரச்சாக்கில் வெட்டின கொடி. முதல் கொம்பு ஊதினால் வரிசையாக நடந்து வருவார்கள், மரம் மரமாகத் தட்டிக்கொண்டு. டொக்... டொக்... டொக்... பறவை உடனே பறக்காது. முதலில் ஓடும். சருகுக்குள்ளே சரசரவென்று, தட்டுகிற சத்தத்துக்கு முன்னால் ஓடி ஓடி, இனி ஓட இடமில்லை என்கிற விளிம்பில்தான் எழும்பும். எழும்பினால் துப்பாக்கி.

இரண்டாம் கொம்பு ஊதினால் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருத்தன் விரலை விசையில் வைக்கக் கூடாது. இரட்டைக்குழல் துப்பாக்கியை, வெடிக்க முடியாதபடி நடுவே மடித்துக் கையில் தொங்கவிட வேண்டும். பிரபு ஆனாலும் அதுதான், மாமிசக் கடைக்காரன் ஆனாலும் அதுதான். தட்டுகிறவன் அந்த இரண்டாம் கொம்பை நம்பித்தான் எட்டுத் துப்பாக்கிக்கு நேர் எதிரே மரத்தை விட்டு வெளியே வருகிறான்.

அன்றைக்கு அப்படி வந்தவன் கீத் கெரிசன். டிராக்டர் ஓட்டுகிறவன். மெர்வினோடு ஒரே வகுப்பு. பெர்னார்டின் தங்கை லினெட்டைக் கட்டியவன். அந்த லினெட்டை அவனுக்கு முன்னால் மெர்வின் கேட்டிருந்தான். அவள் சிரித்துவிட்டுக் கீத்தின் கையைப் பிடித்தாள். மெர்வின் அந்தச் சிரிப்பை நாலு வருஷம் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தான்.

மெர்வினுக்கு ஆறாம் முளை. இரண்டாம் கொம்பு ஊதியது. நல்ல பனி மூட்டம். மற்ற ஏழு பேரும் மடித்துவிட்டு விஸ்கிக் குடுவையைத் திறக்கிறார்கள். இவன் மடிக்கவில்லை. முப்பது எட்டு வைத்து முன்னால் நடந்தான், தோப்பின் ஓரம் வரைக்கும். ஓடையிலிருந்து கீத் ஏறி வருகிறான், சுருட்டின கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

“என்னடா, இன்னும் மடிக்கலையா?”

இடது குழல்.

சுட்டதும் கை என்ன செய்யும்? பத்து வயதிலிருந்து துப்பாக்கி பிடிக்கிற கை. தானாக மடிக்கும். மடித்தான். சுட்ட தோட்டா தோளுக்கு மேலே பின்னால் எகிறிச் சருகில் எங்கேயோ விழுந்தது. குனிந்து தேட நேரமில்லை. ஓடிப்போய் முளையில் நின்றுகொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து “யார்றா அது, யார்றா சுட்டது” என்று கத்தினான்.

போலீஸ் வந்தது. எட்டுப் பேரும் நான் இல்லை என்றார்கள். எட்டுத் துப்பாக்கியிலும் வெடிமருந்து நாற்றம், காலையிலிருந்து சுட்டவர்கள்தானே. ஓடைக்கு அந்தப் பக்கம் எவனோ திருட்டு வேட்டைக்காரன் என்று பேச்சு முடிந்தது. துப்பாக்கியை விற்றுவிட்டேன் என்று சொல்லி மெர்வின் ஆற்றில் போட்டான். மூன்று வருஷம் கழித்து லினெட்டைக் கட்டினான். நண்பன் பெண்டாட்டியைக் கைவிடாத உத்தமன் என்று ஊர் மெச்சியது.

எல்லாம் சரி. அந்த ஒரு பித்தளை?

அவன் அப்பா காலத்துத் துப்பாக்கி அது. இடது குழலின் ஊசி வளைந்தது. நடுவில் குத்தாது, ஓரத்தில் குத்தும். பிறை மாதிரி தழும்பு விழும். “மெர்வின் துப்பாக்கி நெலா போடும்” என்று கீத்தே பப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். லினெட்டுக்குத் தெரியும். பெர்னார்டுக்குத் தெரியும். பிறை விழுந்த பித்தளை முளை வரிசையில் கிடந்தால் ஒரு பாவமும் இல்லை. தோப்பு ஓரத்தில் கிடந்தால்? அங்கே துப்பாக்கிக்காரனுக்கு என்ன வேலை? அந்த ஒன்று போதும். லினெட் போவாள், வீடு போகும், அவன் உள்ளே போவான். அதற்காகத்தான் மனுஷன் கருவி வாங்கினான். கிளப்பில் சேர்ந்தான். குப்பை சேர்க்கிற பைத்தியம் என்று பெயர் எடுத்தான்.

இருபத்தாறு குளிர்காலம் அந்தத் தோப்பின் ஓரத்தை அங்குலம் அங்குலமாகத் தடவினான். கிடைக்கவில்லை.

அந்த வருஷம் தோப்பு இருக்கிற எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி நல்ல மனுஷன். கிளப்புக்கே அனுமதி கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு, ஆல்டர் கார் தோப்பிலும் அதை ஒட்டிய வயலிலும், முப்பது பேர் முப்பது கருவியோடு. நானும் ஒருத்தன். பெர்னார்டும் ஒருத்தன். பெர்னார்டைத் தெரியுமல்லவா? துருப்பிடித்த ஆணி எடுத்தாலும் சின்ன உறையில் போட்டு, எங்கிருந்து எத்தனை எட்டு என்று பென்சிலால் எழுதி வைக்கிற ஆள். அவன் கையில் அது கிடைப்பதற்கு முன்னால் மெர்வின் எடுத்தாக வேண்டும்.

ஆகையால் சனிக்கிழமை. மூன்றே முக்கால்.

வேனை நிறுத்தினான். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அழுகின இலையும் ஓடைத் தண்ணீரும் கலந்த வாடை. காதில் ஹெட்ஃபோனை மாட்டினான். கருவியை முடுக்கினான். தோப்பு ஓரத்தில், ஆயிரம் தடவை தடவின அதே இடத்தில், இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடந்தான்.

அப்போது ஒரு சத்தம். ஹெட்ஃபோனைத் தாண்டி. தூரத்தில்... பூ...ம் என்று. கொம்பு.

நின்றான். பக்கத்து எஸ்டேட்டில் வேட்டையாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், அதன் பிறகு எவன் வேட்டை ஆடுவான்? அதைப் பற்றி யோசிப்பதற்குள் காதில் கருவி பாடியது. கணீரென்று. பித்தளைக்கு எந்தச் சத்தம் என்று அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

மண்டி போட்டான். நாலு விரற்கடை ஆழம்கூட இல்லை. கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தான். அப்பா வாங்கி அடுக்கிவைத்திருந்த, எப்போதோ மூடிப்போன அந்தக் கடையின் பெயர். நடுவில்...

பிறை.

இருபத்தாறு வருஷம். அவன் அழுதுவிட்டான். சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அப்புறம்தான் விரலுக்கு உறைத்தது. பித்தளை சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி இல்லை, ஆனால் நல்ல சூடு. மூக்கில் மருந்து நாற்றம், இப்போதுதான் சுட்ட மாதிரி. அதைக் கோட்டுப் பையில் போட்டான். போதும், கிளம்பிவிட வேண்டும் என்று கருவியைத் தூக்கினான்.

தூக்குகிற வீச்சில் இன்னொரு தடவை பாடியது.

ஒரு எட்டு தள்ளி. தோப்புக்கு உள்ளே. வேண்டாம் என்று போயிருக்கலாம். போக முடியுமா? தோண்டினான். அதே கடை. அதே பிறை. அதே சூடு.

அவன் சுட்டது ஒன்று. ஒன்றே ஒன்று. இரண்டாவது எங்கேயிருந்து வந்தது என்று மூளை கேட்டது. கை அதற்குள் கருவியை வீசியது. மூன்றாவது. இன்னும் ஒரு எட்டு உள்ளே.

அப்போதுதான் மரத்தைத் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. தோப்பின் அந்தக் கோடியில். டொக் டொக்... டொக்.

இரண்டு தட்டு. ஒரு இடைவெளி. ஒரு தட்டு.

மனுஷனாய்ப் பிறந்தவன் எவனும் அந்த இடத்தில் ஓட்டம் பிடித்திருப்பான். இவன் ஓடவில்லை. ஏன் தெரியுமா? ஒன்றை விட்டாலும் நாளைக் காலை எட்டரைக்குப் பெர்னார்ட் அதை எடுத்து உறையில் போடுவான். அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. அவனை அங்கே கட்டிப்போட்டது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவன் பயம்தான். கீத்துக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

தோண்டினான். பையில் போட்டான். ஒரு எட்டு. தோண்டினான். குழியை மூடவில்லை. நம்மில் எவனும் குழியை மூடாமல் எழுந்ததுண்டா? மெர்வின் மூடாமல் போனான், வாழ்க்கையில் முதல் தடவையாக. இருட்டிவிட்டது. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பனி மட்டும் தெரிந்தது. தட்டு ஒன்றாக இருந்தது இரண்டானது. பிறகு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. வரிசை கட்டி நெருங்கியது. இப்போது அவனுக்கு முன்னால் இல்லை. பின்னால். அவனுக்கும் வேனுக்கும் நடுவே.

பையில் போன் அடித்தது. லினெட்.

“ஸ்டூ எறக்கப் போறேன். எப்ப வர்ற?”

“இன்னும் ஒண்ணுதான். வந்துர்றேன்.”

“மூச்சு வாங்குதே. பக்கத்துல யாரு?”

“யாருமில்ல. நான் மட்டுந்தான்.”

“மரத்துல யாரோ தட்டுறாங்களே, மெர்வின்.”

அவன் போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான். சேறு அப்பின விரல். வைக்கிற பொத்தானை அமுக்கினதாக நினைத்திருப்பான். அமுங்கவில்லை.

லினெட்டும் வைக்கவில்லை. ஏன் வைக்கலை என்று பின்னால் பெர்னார்ட் கேட்டான். அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். இரண்டு, இடைவெளி, ஒன்று. கீத் வேலை முடிந்து வந்தால் பின்கதவை அப்படித்தான் தட்டுவான். கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டாள். இனி நான் சொல்வது அவள் காதால் கேட்டது.

தோண்டுகிற சத்தம். சளக்... சளக்... கருவி பாடுகிற சத்தம், ஹெட்ஃபோனுக்குள்ளிருந்து கொசு மாதிரி. மெர்வின் எண்ணுகிறான், எண்ணிக்கை தப்புகிறது, மறுபடி எண்ணுகிறான். தட்டு நெருங்குகிறது. அப்புறம் சருகுச் சத்தம். முதலில் நடை. பிறகு வேகமான நடை. பிறகு ஓட்டம். சரசரசரவென்று... மூச்சு இரைக்கிறது... நிற்கிறது. கருவி பாடுகிறது. நின்று தோண்டுகிறான், மடையன், அப்போதும் தோண்டுகிறான். தட்டு. மறுபடி ஓட்டம்.

பிறகு தண்ணீர்ச் சத்தம். ஓடை. கீத் விழுந்த ஓடை. அதற்கு மேல் ஓட இடமில்லை.

கொம்பு ஊதியது. இரண்டாம் கொம்பு. போனில் அவ்வளவு தெளிவாகக் கேட்டதாம், அடுப்படிக்குள்ளே நின்று ஊதின மாதிரி. தட்டு சட்டென்று நின்றது. எல்லாம் நின்றது. மெர்வின் மூச்சு மட்டும். அவன் சிரிக்கிற மாதிரிகூட இருந்ததாம், தப்பித்தவன் சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு நடுவில் அறுந்தது. அவன் பேசின குரலை லினெட் அதற்கு முன் கேட்டதே இல்லை.

“கீத்து... வேணாண்டா. ரெண்டாவது கொம்பு ஊதியாச்சுடா. ஊதினப்புறம் சுடக் கூடாதுடா...”

பதிலுக்கு ஒரு ஆண் குரல். பக்கத்தில். சிரித்துக்கொண்டே.

“நீ மடிக்கலையே, மெர்வின்.”

பெரிய வெடியெல்லாம் இல்லை. கனமான கதவை மெல்லச் சாத்தினால் கேட்குமே, அந்த அளவுக்குத்தான். அப்புறம் இரண்டு குழலையும் மடிக்கிற க்ளிக். பித்தளை எகிறிக் கல்லில் பட்ட சின்ன ஓசை. அவ்வளவு.

லினெட் என்ன செய்தாள் தெரியுமா? போனை வைத்தாள். போலீஸைக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இரண்டு மைல் தூரத்தில் இருக்கிற அண்ணனைக்கூடக் கூப்பிடவில்லை. அன்று இரவு குளிர் மைனஸ் ஆறு டிகிரி. அடுப்பை அணைத்தாள். மேஜையில் ஒரே ஒரு தட்டை வைத்து, உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டாள். கழுவி வைத்தாள். பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுப் படுக்கப் போனாள். யாருக்காகத் திறந்து வைத்தாள் என்று பெர்னார்ட் கேட்கவில்லை.

காலையில் நாங்கள் முப்பது பேரும் போனோம். பாதையில் வேன், கண்ணாடி முழுக்க உறைபனி. தோப்பு ஓரத்திலிருந்து ஓடை வரைக்கும் குழி. ஒரு எட்டுக்கு ஒரு குழி, நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில். ஒன்றும் மூடவில்லை. கடைசிக் குழிக்குப் பக்கத்தில் மெர்வின், ஓடைக் கரையில் குப்புற. ஹெட்ஃபோன் காதிலேயே. கருவி அவன்மேல் கிடந்து கணீரென்று பாடிக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுக்கப் பாடியும் பேட்டரி தீரவில்லை. பெர்னார்ட்தான் நிறுத்தினான்.

கோட்டுப் பைகளைப் போலீஸ் துழாவியது. இரண்டு பையும் பிதுங்கிக்கொண்டு இருந்தன. உள்ளே வெறும் களிமண், சின்னச் சின்ன வட்டமாக உருட்டினது. ஒரு துண்டுப் பித்தளை கிடையாது.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வயசு, குளிர், ஈரம். உடம்பில் காயமே இல்லை. நடு முதுகில் மட்டும் ஒரு நீலத் தழும்பு, தோட்டா அடியின் அளவுக்கு வட்டமாக. வட்டத்தின் ஓரத்தில் பிறை மாதிரி இன்னும் கருநீலமாக ஒரு பள்ளம். கல் குத்தியிருக்கும் என்று எழுதிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு பெர்னார்ட் மட்டும் மண்வெட்டியோடு நின்றான். குழியை அப்படியே விட்டுவிட்டு வர அவனுக்கு மனசு வரவில்லை. ஓடையிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே தோப்பு ஓரத்துக்கு வந்தான். முதல் குழி. அதிலிருந்து மெர்வின் தோண்டிப் போட்ட மண், பக்கத்திலேயே குவியலாக. அந்தக் குவியலின் உச்சியில், கருவிகூட வேண்டாம், கண்ணுக்கு நேராக, ஒரு பித்தளை அடி உட்கார்ந்திருந்தது. பச்சைக் களிம்பு ஏறின, உண்மையான, பழைய பித்தளை. மண்ணைத் தோண்டின கையே அதை வெளியே போட்டிருக்கிறது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

பெர்னார்ட் என்ன செய்வான்? வழக்கம்தான். உறையில் போட்டான். பென்சிலால் எழுதினான். ‘ஆல்டர் கார். தோப்பு ஓரம். ஆறாம் முளையிலிருந்து முப்பது எட்டு.’ மெர்வினின் ஜாடியில் சேரட்டும் என்று தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அடுப்படித் தொட்டியில் அவள் அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள், மெர்வினின் தோட்டா அடிகளை இருபது வருஷத்துக்கு மேல் தேய்த்துக் கொடுத்தவள் அவள்தானே. தேய்த்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உறையில் எழுதியிருந்ததைப் படித்தாள். அண்ணனிடம் நீட்டினாள். பெர்னார்ட் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“நெலா,” என்றாள் லினெட். அழவில்லை. “அவன் துப்பாக்கிய வித்துட்டேன்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்.”

மெர்வினை மரியாதையாகத்தான் புதைத்தாள். பாதிரியார் நல்ல வார்த்தை நாலு சொன்னார். நாங்கள் கேக் சாப்பிட்டோம். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றாள், ஒரு மர முளை போதுமென்றாள். முளையில் பெயர் எழுதவில்லை. ஆறு என்று ஒரு நம்பர் மட்டும். துக்கத்தில் ஏதோ செய்கிறாள் என்று எல்லாரும் விட்டுவிட்டோம். ஜாடியில் இருந்த பித்தளையை மொத்தமாகப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். அந்த ஒன்று மட்டும் கீத்தின் கல்லறையில் இருக்கிறது.

பார்த்தீர்களா? இவ்வளவு நேரத்தில் பெர்னார்ட் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. இப்போது சொல்லப் போவதையும் மறுக்க மாட்டான். அவன் நேரில் பார்த்தது.

மறு வருஷம். டிசம்பர் முதல் சனிக்கிழமை. சாயங்காலம் தங்கையைக் காணவில்லை என்று பெர்னார்ட் தேடிக்கொண்டு போனான். சர்ச் பின்புறம், மெர்வினைப் புதைத்த இடத்தில் அவள் நிற்கிறாள். கையில் ஒரு கம்பு. அவனுக்கு அடையாளம் தெரிந்தது. கீத்தின் கம்பு. அன்றைக்கு அவன் கையிலிருந்து விழுந்தது, இத்தனை வருஷமும் அவள் பரணில் கிடந்தது. அந்தக் கம்பால் முளையைத் தட்டுகிறாள். டொக் டொக்... டொக். நிதானமாக. வேலை மாதிரி.

“லினெட், என்ன பண்ற? வா, வீட்டுக்குப் போவோம்.”

“சத்தம் போடாத. கேளு.”

தட்டினாள். பெர்னார்ட் குனிந்தான். சுற்றிலும் வெட்டின புல். ஒரு சருகு கிடையாது. மண்ணுக்கு அடியில்... ஆழத்தில்... சரசரவென்று ஏதோ ஓடியது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு. அங்கே இடம் முடிந்தது. நின்றது. அவள் இந்தப் பக்கம் வந்து தட்டினாள். அது திரும்பி ஓடியது.

பெர்னார்ட் ஒரு எட்டு பின்வாங்கினான். எத்தனை நேரமாக இப்படி என்று கேட்டான். மதியத்திலிருந்து என்றாள். போதும் விட்டுவிடு, செத்தவன் படுக்கட்டும் என்று கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கொட்டாவி விட்டாள். கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ரெண்டாவது கொம்ப நான் ஊதப் போறதில்ல, பெர்னார்ட்.”